சத்தமில்லாத ஹார்ட் டிஸ்க்

ஜூன் 3, சனி

பேரிங் ஏஜென்சிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக பீரோ மேல் தூங்கியது. இன்று முதல் எழுதப்போகிறேன். ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறேன், முடிக்காமல் விடுவதில்லை. யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்பதற்கு நாளைக்கு ஆதாரம் வேண்டும்.

காரியம் இதுதான்: என் கேமிங் கம்ப்யூட்டருக்குச் சத்தமில்லாத ஒரு ஹார்ட் டிஸ்க்.

கம்ப்யூட்டர் நானே ஒவ்வொரு பார்ட்டாக வாங்கிச் சேர்த்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம் எதிரிகளைச் சுட்டுத் தள்ளினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். நாற்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று மச்சான்கள் கேட்கிறார்கள். அவர்கள் விடிய விடியச் சீட்டாடலாம், நான் சுடக்கூடாதாம்.

இப்போது அதே கம்ப்யூட்டரில்தான் என் மனைவி கலாமணியின் பிழைப்பும் இருக்கிறது. பதினோரு வருடம் தமிழ் டீச்சர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். சென்னையில் ஒலிப்புத்தகம் போடுகிற கம்பெனி ஒன்று பெரிய நாவல் ஒன்றை வாசிக்க ஆள் தேடுகிறது. மைக்கை மாட்டி வாசித்து அனுப்பினாள். பதில் வந்தது: குரல் பிரமாதம், ஆனால் பின்னால் ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம். ஜூன் 30-க்குள் முதல் அத்தியாயம் சுத்தமாக வந்தால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் வேறு ஆள்.

அந்தச் சத்தம் ஹார்ட் டிஸ்க்தான் என்கிறாள். ஏழு வருடப் பழசு, இருக்கலாம். "கவலையை விடு, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இதற்கு கோயமுத்தூரிலேயே என்னைவிடச் சரியான ஆள் கிடையாது. பம்ப் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக டெஸ்ட் பெட் என் கையில். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பேன். பேரிங்கில் ஒரே ஒரு குண்டு சரியில்லை என்றாலும் சொல்லிவிடுவேன். சரியாக இருந்தால் சாக்பீஸில் ஒரு டிக், பக்கத்தில் 'நகோ'. நந்தகோபால் டிக் போடாத பம்ப் எங்கள் கம்பெனியில் லாரி ஏறாது.

ஜூன் 4, ஞாயிறு

காந்திபுரத்தில் ஜெரோமின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். போனதும் அவன் சொன்னது: "அண்ணா, எஸ்.எஸ்.டி. போட்டுருங்க. உள்ள சுத்தறதே எதுவும் இல்ல, சத்தமே வராது."

விண்டோஸுக்குச் சின்னதாக ஒன்று ஏற்கெனவே போட்டிருக்கிறேன். என் கேம்கள், கலாமணியின் பதிவுகள் எல்லாம் அடங்குகிற அளவில் வாங்கப் போனால் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். அதுவும் போக, சத்தம் கேட்டு எடுக்கத் தெரியாதவன்தான் அப்படிப் பயந்து வாங்குவான். நான் ஏன் பயப்படவேண்டும்?

நான்கு டிஸ்க்கை மேசையில் ஓடவிடச் சொன்னேன். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கடைக்கு வந்திருந்த காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 2880 சுற்று. டிஸ்க்குக்குள் சுற்றுகிற தட்டு 7200. உள்ளங்கை அகலத்துக்கு இவ்வளவு வேகம். முதல் மூன்றிலும் 'கும்' என்று அடியில் ஓர் அதிர்வு. நான்காவதில் ஒன்றுமே இல்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்தால் சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது.

"இதுதான்" என்றேன். ஜெரோம் முகத்தைச் சுளித்தான். "அதுவாண்ணா? அது கொஞ்சம்..." என்று இழுத்தான். விலை குறைந்ததை எடுத்துவிட்டேன் என்று அவனுக்கு வருத்தம்.

ஜூன் 6, செவ்வாய்

மாட்டினேன். ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. கலாமணியைக் கூப்பிட்டுப் பெருமையாக உட்கார வைத்தேன். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, இது பழசவிட மோசமா இருக்குதுங்க."

"எதுடி மோசம்?"

"கீ...ன்னு கூவுது. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கூவுதா? எங்க கூவுது?" என்று மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரை வைத்து, அவளையும் கேட்கச் சொன்னேன். அவள் கிட்டே வரவில்லை. இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டோம்.

அவளுக்கு இது முதல் வாய்ப்பு. பயம். பயந்தவர்களுக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்கும்.

ஜூன் 8, வியாழன்

இந்த வருடத்துக் கொசு பாடுவதில்லை. சத்தம் போடாமல் வந்து கடித்துவிட்டுப் போகிறது. மருந்தடித்து மருந்தடித்து அதுவும் மாறிவிட்டது போல.

ஜூன் 10, சனி

ஒரு யோசனை. பம்ப்பை நேராகத் தரையில் வைத்தால் தரையும் சேர்ந்து அதிரும், அதனால் அடியில் ரப்பர் வைப்போம். டிஸ்க்குக்கும் அதுதானே? தையல் கடையில் பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக் மூன்று மீட்டர் வாங்கினேன். கேபினெட்டுக்குள் நாலு மூலைக்கும் கட்டி, டிஸ்க்கை நடுவில் தொங்கவிட்டேன். தொட்டில் மாதிரி ஆடியது.

கலாமணி பார்த்துவிட்டு, "பேரும் வெச்சிருங்க" என்றாள். அவள் சிரித்து நாலு நாள் ஆயிற்று. ஆனால் பதிவு செய்து பார்த்துவிட்டு மறுபடி அதே பாட்டு: 'கும்' சத்தம் இல்லவே இல்லை, 'கீ' அப்படியே இருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போய் வாசல் குழாயின் வாஷரை மாற்றினேன். ஒரு மாதமாக ஒழுகியது, இன்று நின்றது. அது நின்றதையாவது அவள் ஒப்புக்கொண்டாள்.

ஜூன் 13, செவ்வாய்

தாராபுரம் டீலரிடமிருந்து பதினான்கு பம்ப் திரும்பி வந்திருக்கிறது. பேரிங் கூவுகிறதாம். மேனேஜர் ஆறுச்சாமி சார் என்னைக் கூப்பிட்டார்.

"நந்தகோபால், இதெல்லாம் உங்க டிக்குதானுங்களே?"

"என்ரதுதாங்க சார். இங்கிருந்து போறப்ப சுத்தமாத்தான் போச்சு."

ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் சார் முகத்தைப் பார்த்தேன், வைண்டிங் பகுதியிலிருந்து வந்து நின்ற தனபாக்கியத்தின் முகத்தையும் பார்த்தேன். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அதனால், "ஆமாங்க, லேசாக் கூவுது" என்று சொல்லிவைத்தேன்.

பிறகு யோசித்துச் சொன்னேன்: லாரியில் போட்ட விதம் சரியில்லை, குழியில் விட்டுக் குலுக்கியிருப்பான், பேரிங் அடி வாங்கியிருக்கும். அந்த ரூட் டிரைவர் காளியப்பன். கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறவன்தான், எல்லோருக்கும் தெரியும்.

சார் தலையை ஆட்டினார்.

ஜூன் 15, வியாழன்

கேமில் நேற்றும் இன்றும் ஒன்பது தடவை செத்தேன், ஒன்பதும் பின்னாலிருந்து. முன்பெல்லாம் எதிரி நடந்து வரும் சத்தம் ஹெட்செட்டில் வரும், திரும்பிச் சுடுவேன். அப்டேட் போட்டுக் கெடுத்துவைத்திருக்கிறார்கள்.

குக்கர் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுக் கலாமணி கடைக்குப் போனாள். ஒரு விசில்கூட வரவில்லை, நானும் காத்திருந்தேன். சாதம் கூழ். குக்கர் கேஸ்கட்டும் மாற்றவேண்டும். இந்த வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் கெடுகிறது.

ஜூன் 17, சனி

டிஸ்க்கை மாற்றி வேறொன்று எடுத்து வந்தேன். ஸ்க்ரூடிரைவரில் இது இன்னும் சுத்தம். கலாமணி அறைக்குள் வந்தாள், மைக்கைப் போட்டாள், எடுத்தாள், வெளியே போய்த் துணி மடித்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. விடுவதாக இல்லை.

மாற்றித் தரும்போது ஜெரோம் சொன்னான்: "ஒரு தடவ அக்காவக் கூட்டிட்டு வாங்களேண்ணா. கேக்கப்போறது அவங்கதானே?" எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருடம் காதால் சோறு தின்றவனிடம் சொல்கிற பேச்சா இது?

ஜூன் 18, ஞாயிறு

சென்னைக் கம்பெனியின் சவுண்ட் இன்ஜினியர் ஒரு படம் அனுப்பியிருந்தார். கலாமணி புது டிஸ்க்கில் எடுத்து அனுப்பிய பதிவைக் கோடுகளாகப் போட்டிருந்தார். ஓரிடத்தில் மட்டும் ஊசி மாதிரி ஒரு கோடு. ஆறாயிரம் ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தார். அப்படியானால் சத்தம் இருக்கிறது. சரி, கலாமணி இட்டுக்கட்டவில்லை.

எதிரியைத் தெரிந்துகொள்ளவேண்டும் அல்லவா. எந்தச் சத்தத்தையும் ஹெர்ட்ஸ் கணக்கில் எழுப்பிக் காட்டுகிற ஆப் ஒன்றை போனில் இறக்கினேன். ஐந்நூறு, கேட்டது. ஆயிரம், இரண்டாயிரம், கேட்டது. மூவாயிரத்தில் கொஞ்சம் மெலிந்தது. ஆறாயிரத்தில் வைத்தேன். ஒன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டினேன். ஒன்றுமில்லை. முழுசாகக் கூட்டி, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கலாமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, அத நிறுத்துங்க! என்னத்தப் போட்டு வெச்சிருக்கறீங்க, காது கிழியுது!"

எதிர் வீட்டு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. அது கேட்டது.

போனின் ஸ்பீக்கர் கெட்டுப்போயிருக்கிறது. நாளைக்குக் காட்டவேண்டும்.

ஜூன் 19, திங்கள்

ஜெரோமிடம் காட்டினேன். போன் நன்றாக இருக்கிறது.

ஜூன் 20, செவ்வாய்

இன்று நூற்றுப்பத்து பம்ப் டெஸ்ட்டுக்கு வந்தன. நூற்றுப்பத்துக்கும் டிக் போட்டேன்.

ஜூன் 22, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காது பார்க்கிற இடத்துக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். முதலில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பரிசோதனை முடிந்துவிட்டதோ என்று கண்ணாடி வழியே பார்த்தேன். வெளியே உட்கார்ந்து பரிசோதித்த அம்மா இன்னும் எதையோ திருகிக்கொண்டே இருந்தார். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

தாளில் ஒரு கோடு. பாதி தூரம் நேராக வந்து, பிறகு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. மெல்லிய, கூர்மையான சத்தமெல்லாம் இரண்டு காதிலும் போய்விட்டது. மெஷின் சத்தத்தில் வருடக்கணக்காக இருப்பவர்களுக்கு இப்படி ஆகும் என்றார். கனமான சத்தம், அதிர்வு நன்றாகத் தெரியும், அதனால் போனதே தெரியாமல் இருக்கும். போனது திரும்பாது, காதில் மாட்டிக்கொள்கிற மெஷின் ஓரளவு உதவும்.

"வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது கலாமணி துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தாளை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருசமாத் தெரியுமுங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"மூணு தடவ சொன்னேன். நான்தான் முணுமுணுக்கறேன்னு சண்டைக்கு வந்தீங்க. அப்புறம் உங்க முன்னால வந்து நின்னு பேசப் பழகிட்டேன்."

உண்மைதான். இப்போதெல்லாம் அவள் எதைச் சொல்வதானாலும் கையிலிருப்பதை வைத்துவிட்டு எதிரே வந்து நின்றுதான் சொல்கிறாள். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எழுதினால் என்ன, என் டைரிதானே.

ஜூன் 24, சனி

கலாமணியைக் கூட்டிக்கொண்டு ஜெரோம் கடைக்குப் போனேன். ஐந்து டிஸ்க். பின்னறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஒவ்வொன்றாக ஓடவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இது வேண்டாம், கூவுது. இதுவும் வேண்டாம். இது... இது கொஞ்சம் உறுமுது, ஆனா கூவல."

மூன்றாவது. 5400 சுற்று. நான் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். கும்மென்று கை வரை வந்தது. டெஸ்ட் பெட்டில் இப்படி ஒன்று வந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன்.

"உறுமறத நான் பார்த்துக்கறேன். அதுக்கு எலாஸ்டிக் இருக்குது. கூவறதுக்குத்தான் என்கிட்ட மருந்தில்ல" என்றேன்.

ஜெரோம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பில் போட்டான். முதல் நாளே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நாலு மூலைக்கும் புது எலாஸ்டிக் கட்டி, இழுப்பைச் சரி பார்த்து, விரலை வைத்து வைத்துத் தளர்த்தினேன். கேபினெட்டில் ஓர் அதிர்வுகூட இல்லாமல் ஆகும்வரை எழுந்திருக்கவில்லை. அது என் விரலுக்குத் தெரியும். கலாமணி மைக் முன்னால் உட்கார்ந்தாள், கையை உயர்த்தினாள், நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

ஜூன் 27, செவ்வாய்

சென்னையிலிருந்து பதில்: ஒப்பந்தம் வருகிறது. கலாமணி வீதிக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். எனக்கும் கேட்டது. கேசரி கிண்டினாள், நெய் ஒழுக ஒழுகத் தின்றோம்.

ஜூன் 28, புதன்

காளியப்பனை ரூட்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம். போன வாரமே. டெம்போ ஸ்டாண்டில் வாடகைக்கு நிற்கிறான் என்று தனபாக்கியம் சொன்னது. எதிரே நின்று சொன்னதால் முழுசாகப் புரிந்தது.

கம்பெனியில் என் காது விஷயம் யாருக்கும் தெரியாது. மெஷினை மாட்டிக்கொண்டு, முடியை வளர்த்து மறைத்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம். பதினான்கு பம்ப் விஷயம் முடிந்த கதை. காளியப்பன் வேகமாக ஓட்டுகிறவன்தான்.

மேலே உள்ள பத்தியை நான்கு தடவை படித்துவிட்டேன். எழுதினவன் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

ஜூன் 29, வியாழன்

காது பரிசோதனைத் தாளை ஆறுச்சாமி சார் மேசை மேல் வைத்தேன்.

"லாரில ஒண்ணும் ஆகலீங்க சார். பேரிங் இங்கிருந்தே கூவிட்டுத்தான் போயிருக்குது. எனக்குக் கேக்கல."

அவர் தாளைப் பார்த்தார். "எத்தன நாளா?" என்றார்.

"ரெண்டு வருசம் இருக்குமுங்க. யார்டுல நிக்கற சரக்கெல்லாம் மறுபடி டெஸ்ட் பண்ணோணும். காளியப்பன் மேல தப்பில்லீங்க."

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தனபாக்கியத்தைக் கூப்பிடச் சொன்னார். பகல் முழுவதும் யார்டில் மோட்டார்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டோம். தனபாக்கியம் கேட்டது, கூவினால் கையை அசைத்தது, நான் டிக்கை அடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொன்று கூவின. முப்பத்தொன்றிலும் 'நகோ'. என் எழுத்து மேலேயே நான் பெருக்கல் குறி போட்டேன்.

நாளை முதல் டெஸ்ட் பெட் தனபாக்கியத்துக்கு. எனக்குப் பேக்கிங்.

ஜூன் 30, வெள்ளி

காளியப்பனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். மதியம் லாரியைப் பேக்கிங் ஷெட்டில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினான். சுற்றிலும் பெட்டிக்கு ஆணி அடிக்கிற சத்தம். இறங்கி வந்து, என்னைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பாமல் ஏதோ சொன்னான்.

இந்த மாதிரி நேரத்தில் நான் என்ன செய்வேன் என்பது எனக்குத் தெரியும். தலையை ஆட்டிச் சிரித்து வைப்பேன். கடைப் பெண்களிடம், சாரிடம், மச்சான்களிடம், எல்லோரிடமும் அப்படித்தான்.

"காளியப்பா, நில்லு" என்றேன். "எனக்குக் காது சரியாக் கேக்காது. என்ர முன்னால வந்து இன்னொருக்கா சொல்லு."

ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவன் திரும்பினான். பிறகு இரண்டடி தள்ளி, நேர் எதிரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்தி, ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

கெட்ட வார்த்தைதான். இங்கே எழுத முடியாது. ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

"சரி" என்றேன். "பெட்டிய ஏத்தலாமா?"

அவன் பின்கதவைத் திறந்தான். நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவன் ஒரு பக்கம் பிடித்தான்.